விண்ணகப் போரும் வெட்சித் திணையும்

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குத் திரும்பும் மாலைத் தொடர்வண்டியில் ஏறுவோர், கவரைப்பேட்டை கடக்குமுன்னரே தாம் ஒரு போர்க்களத்தின் நடுவே அமர்ந்திருப்பதை உணர்வர். சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகளிற் பகற்பொழுதெல்லாம் நின்றுழைத்த இளைஞர் நால்வர், எதிரெதிர் இருக்கைகளில் அமர்ந்து, கைப்பேசியைக் குறுக்காகப் பிடித்து, தலை நிமிராமற் கூவிக்கொண்டிருப்பர். “கவர் குடுடா!” “எனிமி லெப்ட்டுல!” “நான் டவுன், வந்து ரிவைவ் பண்ணு!” பொன்னேரியும் மீஞ்சூரும் வந்துபோகும். வள்ளூர் அனல்மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கிகள் தொலைவில் தோன்றி மறையும். நால்வரும் அவற்றைக் காணார். அவர்தம் கண்ணும் கருத்தும் எங்கோ ஒரு தீவில், நூறு பேர் ஒருவரையொருவர் வீழ்த்தப் புறப்பட்ட களத்தில் உள்ளன.

அக்கூவலைச் செவிமடுக்கும் தமிழன்பர்க்கு முதலில் எழுவது சினமே. “இளைஞர் கெட்டனர்; கைப்பேசியே கெடுத்தது” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வர். அச்சினத்துக்குக் கரணியம் இல்லாமலில்லை. ஆட்டத்தை விட்டு மீளமுடியாத நிலையை உலக நலவாழ்வு நிறுவனமே 2019இல் நோய்ப் பட்டியலிற் சேர்த்தது. பணம் வைத்தாடும் இணையச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழகச் சட்டமன்றம் 2022இற் சட்டம் நிறைவேற்றியது. நடுவணரசும் 2025இல் அத்தகையதொரு சட்டம் இயற்றியது. ஆயினும் சூது வேறு, ஆட்டம் வேறு. நடுவணரசின் அச்சட்டமே மின்னாட்டப் போட்டியை விளையாட்டென ஒப்புக்கொண்டு, சூதை மட்டும் தள்ளுகிறது. தொடர்வண்டி இளைஞர் ஆடுவது சூதன்று. அவர்தம் உழைப்பிற் களைத்த உடலுக்கு அஃது ஓய்வு. ஊர்விட்டு ஊர் வந்த நெஞ்சுக்கு அது நட்பு. ஆகவே ஈண்டு எழுப்பவேண்டிய வினா, ஆடலாமா கூடாதா என்பதன்று. ஆடுகின்றனர். எந்த மொழியில் ஆடுகின்றனர் என்பதே வினா.

அவர்தம் கூவலை மீண்டும் நோக்குக. “குடு” தமிழ், “பண்ணு” தமிழ், “வந்து” தமிழ். வினையின் வால் மட்டும் தமிழாக நின்று, தலை முழுதும் ஆங்கிலமாகிவிட்டது. காப்பு, பகை, இடம், வலம், வீழ்ச்சி, உயிர்ப்பு ஆகிய அனைத்தும் போயின. போர் என்னும் வினையையே அகத்துக்கு இணையாக வைத்துத் திணை வகுத்து இலக்கணங் கண்ட ஓர் இனத்தின் இளைஞர்க்கு, ஒரு பொய்ப்போரில் இடப்பக்கம் என்று சொல்லக்கூடச் சொல் வாய்க்கவில்லை.

கைப்பேசியில் இன்று பெருவழக்காக உள்ள ஆட்டம் தென்கொரிய நாட்டுக் கிராப்டன் நிறுவனத்தது. பப்சி என்று ஊரெங்கும் அறியப்பட்ட அதனை நடுவணரசு 2020 செப்டம்பர் 2ஆம் நாள், வேறு பல செயலிகளுடன் சேர்த்து 118 என்னும் கணக்கில் தடைசெய்தது. 2021 சூலையில் அது பெயர் மாற்றி மீண்டும் வந்தது. 2022 சூலையில் நீக்கப்பட்டது. 2023 மே திங்களில் மறுபடியும் வந்தது. அரசுகள் தடுத்ததும் விடுத்ததும் இவ்வளவே. அத்தடைகளுள் ஒன்றேனும் மொழி பற்றி எழுந்ததன்று.

இவ்வகை ஆட்டத்தின் முழு வடிவைக் காணவேண்டுமாயின், கைப்பேசியை விட்டுக் கணினிக்குச் செல்லவேண்டும். அமெரிக்காவின் சான் தியேகோ நகரில் உருவாக்கப்பெற்று 2012 நவம்பர் 20ஆம் நாள் வெளிவந்த ‘பிளானட்சைடு இரண்டு’ என்பது அறிவியற்புனைவுப் போராட்டம். (போராட்டம் என்னும் சொல்லுக்கு இதனினும் பொருந்திய இடம் வாய்ப்பது அரிது.) ஆராக்சிசு என்னும் தொலைதூரக் கோளொன்றில் மாந்தர் குடியேறியுள்ளனர். அங்கு மூன்று பேரரசுகள் ஓயாது பொருகின்றன. ஒழுங்கே உயிரெனக் கொண்ட தெரான் குடியரசு ஒன்று; அதன் ஆட்சியை வெறுத்துப் பிரிந்து உரிமை வேண்டி நிற்கும் புதுக் கூட்டிணைவு ஒன்று; அக்கோளிற் கண்டெடுத்த வேற்றுலகத்தாரின் பொறிநுட்பத்தைத் தெய்வம்போற் போற்றும் வானு இறையாண்மை ஒன்று. ஆடுவோர் இவற்றுள் ஒன்றிற் சேர்ந்து படைஞராவர். ஒவ்வொரு நிலப்பரப்பும் எட்டுக் கிலோமீட்டர் நீளமும் அவ்வளவே அகலமும் உடையது. பன்னிருவர் ஒரு சிறுகுழு. அத்தகைய நான்கு குழுக்கள் சேர்ந்து நாற்பத்தெண்மர் ஓர் அணி. மறைந்து செல்லும் ஒற்றன், புண்பட்டோரை எழுப்பும் மருத்துவன், ஊர்திகளைச் செப்பமிடும் பொறிஞன், பெருங்கவசம் பூண்ட வன்படைஞன் என்று தொழிற்பகுப்பு உண்டு. நிலத்தில் உருளும் கவச ஊர்தியும் வானில் திரியும் போரூர்தியும் உண்டு. 2015 சனவரி 24ஆம் நாள் இவ்வாட்டத்தின் ஒரே களத்தில் 1,158 பேர் ஒருங்கே பொருததைக் கின்னசு உலகப் பதிவு ஏற்றுக்கொண்டது. ஒரு பெரிய பள்ளியின் மாணவர் அனைவரையும் ஒரே திடலில் இறக்கிவிட்டு, ஒவ்வொருவனும் தன் படைத்தலைவன் சொற்கேட்டு நடந்தான் என்று எண்ணிப் பார்த்தால் அதன் பருமை விளங்கும்.

அப்பெருங்களத்தை இயக்குவது எது? துமுக்கியன்று, சொல். செவியிற் பூட்டிய கருவி வழியே வரும் இரண்டசை, மூன்றசைச் சொல். அதனைக் கேட்டு நாற்பத்தெண்மர் ஒருங்கே திரும்புவர். கேளாதவன் தனித்து வீழ்வான். ஆணைச்சொல் விளங்காத குழு, எத்துணைக் குறிதவறாச் சுடுநரைக் கொண்டிருப்பினும் தோற்கும். ஆகவே இவ்வாட்டம் வெறும் கைவிரைவு அன்று, அது மொழிவினை. இதனை உணராமையாலேயே தமிழன்பர் இதனைத் தமக்குப் புறம்பான பொருள் எனக் கைவிட்டனர்.

இனித் தொல்காப்பியப் பொருளதிகாரத்துப் புறத்திணையியலை எடுத்துக்கொண்டு இக்களத்தை நோக்குக. பகைவரிடத்துள்ள ஒரு பொருளை மறைந்து சென்று கவர்ந்து தம்மிடம் சேர்ப்பது இவ்வகை ஆட்டங்கள் பலவற்றில் உள்ள முதற்பாங்கு; கொடி கவர்தல் என்பர். அது வெட்சியன்றி வேறென்ன? ஆநிரைக்கு மாறாகக் கொடி நிற்கிறது, அவ்வளவே வேறுபாடு. கவர்ந்த கொடியை மீட்பது கரந்தை. தொல்காப்பியர் கரந்தையை வெட்சிக்குள் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை செய்த ஐயனாரிதனார் அதனைத் தனித்திணையாக்கினார். கவர்தலும் மீட்டலும் ஒரே ஆட்டத்தின் இரு கூறுகளாக நிற்பதைப் பார்க்கும்போது, இவ்விடத்தில் தொல்காப்பியர் பக்கம் சாயத் தோன்றுகிறது. பகைநிலத்தின் மேற் படையெடுத்தல் வஞ்சி. அரணை முற்றுதல் உழிஞை; அதனைக் காத்தல் நொச்சி. ஆராக்சிசுக் கோளின் கோட்டைகளில் நாள்தோறும் நிகழ்வன இவ்விரண்டே. வேறெதனையும் கருதாது, ஆற்றல் காட்டலே பொருளாக இருபடையும் எதிர்நின்று பொருவது தும்பை. அணிக்கு அணி வீழ்த்தற்கணக்கு மட்டும் பார்க்கும் ஆட்டவகை அதுவே. வெற்றி வாகை.

திணைப்பெயரோடு இது நிற்கவில்லை. பகைப்புலத்தை அறிந்துவந்து உரைக்கும் ஒற்றுக்கு ‘வேய்’ என்று ஒரே அசையிற் சொல் உண்டு. முன்செல்லும் படைக்குத் ‘தார்’ என்றும் ‘தூசி’ என்றும் பெயர். பின்னிற்கும் படைக்குக் ‘கூழை’. மதிலுக்கு ‘எயில்’, மதிலின்மேல் மறைந்து எய்யும் இடத்துக்கு ‘ஞாயில்’. படை தங்குமிடம் ‘பாசறை’. தழிஞ்சி என்றொரு துறை உண்டு. போரிற் புண்பட்ட வீரரை அரசன் சென்று தழுவி ஆற்றுதலை அது குறிக்கும். தொடர்வண்டியில் ஒருவன் “வந்து ரிவைவ் பண்ணு” என்று அலறினானே, அவன் வேண்டியது தழிஞ்சியையே. இச்சொற்கள் யாவும் இரண்டு முதல் நான்கு எழுத்தினவாக, களத்திற் கூவுதற்கென்றே வடித்தனபோல் உள்ளன. தேர்வுத்தாளில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு மறக்கும் பட்டியலாக அவற்றை ஆக்கியது யார் குற்றம் என்பதைத் தமிழ் கற்பிப்போர் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்க.

இவ்வொப்புமையில் ஒன்று மட்டும் பொருந்தாது. புறத்திணையில் வீழ்ந்தவன் எழான். அவனுக்குக் கல் நடப்படும். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இற் கண்டெடுத்த தமிழ்ப் பிராமி நடுகற்களுள் ஒன்று ஆகோளில் வீழ்ந்தவனுக்கு எடுத்தது. அவன் பெயர் இரண்டாயிரம் ஆண்டுகட்குமேல் நிற்கிறது. திரையாட்டத்தில் வீழ்ந்தவன் சில நொடிகளில் எழுந்து மீண்டும் ஓடுகிறான். கும்மிடிப்பூண்டியிலேயே ஈழத்து ஏதிலியர் குடியிருப்பு உள்ளது. மெய்ப்போரில் வீழ்ந்தோர் எழமாட்டார் என்பதை அறிந்த முதியோர் அங்கு வாழ்கின்றனர். அவர்தம் பேரப்பிள்ளைகளும் இதே ஆட்டத்தை ஆடக்கூடும். இதனைக் குற்றமென்று சொல்வதற்கில்லை. சிறுவர் எக்காலத்தும் போர் ஆடியே வந்துள்ளனர். எனினும் சொல்லாமல் கடந்துபோகவும் இயலவில்லை.

ஆணைச்சொல் எம்மொழியில் இருந்தால் என்ன என்று கேட்போர் உளர். அவர்க்கு 1968ஆம் ஆண்டை நினைவூட்டல் வேண்டும். அவ்வாண்டு சனவரி 23ஆம் நாள், அண்ணா முதல்வராக இருந்தபோது, தமிழகச் சட்டமன்றம் மும்மொழித் திட்டத்தை நீக்கித் தீர்மானம் நிறைவேற்றியது. அதே தீர்மானத்தில், என்.சி.சி. எனப்படும் நாட்டு மாணவர் படைப் பயிற்சியில் இந்தி ஆணைச்சொற்கள் கூடா என்பதும் இடம்பெற்றது. ‘சாவ்தான்’ ‘விசுராம்’ என்னும் ஓரிரு சொற்களுக்காக ஒரு சட்டமன்றம் நேரம் செலவிட்டதே, அது வீணா? அன்று. நிற்கவும் நடக்கவும் ஒருவனை ஏவும் சொல் அவன் உடலுக்குள் இறங்கிவிடும் என்பதை அத்தலைமுறை அறிந்திருந்தது. சிங்கப்பூரைப் பாருங்கள். அங்குச் சீனரே பெரும்பான்மையர். ஆட்சியும் கல்வியும் ஆங்கிலத்தில். ஆயினும் அந்நாட்டுப் படையின் அணிநடை ஆணைகள் இன்றும் மலாய் மொழியில் ஒலிக்கின்றன. ஆணைமொழி என்பது தானாக அமைவதன்று. ஓரினமோ ஓரரசோ உறுதியுடன் தேர்ந்துகொள்வது. 1968இல் இந்தி ஆணையை மறுத்த தாத்தாவின் பேரன், 2020களில் ஆங்கில ஆணையை எவரும் ஏவாமலே எடுத்துக்கொண்டான். ஏவியிருந்தால் எதிர்த்திருப்பான்.

அயலவர் ஆட்டத்தில்தான் இந்நிலை என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. சடுகுடு தமிழ்மண்ணின் ஆட்டம். மூச்சடக்கிப் பாடிச் செல்வதால் அதற்குப் ‘பாடுதல்’ என்றும் ‘பாட்டு’ என்றும் ஊர்ப்புறத்திற் பெயர். 2014இல் தொடங்கிய தொழின்முறைக் கபடிப் போட்டி தொலைக்காட்சிக்கு வந்தபின், பாடுதல் ‘ரெய்டு’ ஆயிற்று. பிடித்தல் ‘டேக்கிள்’ ஆயிற்று. 2017இற் சேர்ந்த தமிழக அணியின் பெயரோ ‘தமிழ் தலைவாசு’. தலைவா என்னும் விளியின் வாலில் ஆங்கிலப் பன்மையீற்றை ஒட்டிய அப்பெயரை எந்த இலக்கணத்தில் அடக்குவது என்று தெரியவில்லை. ஆடுவோர் தமிழர், ஆட்டமும் தமிழ், சொல் மட்டும் வாடகைக்கு.

குறை இளைஞரிடத்து மட்டுமில்லை. தனித்தமிழ் அன்பரிடத்தும் உண்டு. சொல்லாக்கம் என்றவுடன் அறையில் அமர்ந்து, ஆங்கிலச் சொல்லின் ஒவ்வோர் உறுப்புக்கும் நேர் தேடி, எட்டசையில் ஒரு தொடரைக் கட்டி, அகரமுதலியில் ஏற்றிவிட்டு ஓய்வது வழக்கமாகிவிட்டது. “மீளுயிர்ப்பித்தளிப்பாயாக” என்று எவன் களத்திற் கூவுவான்? கூவி முடிக்குமுன் அவனும் வீழ்ந்திருப்பான். பாவாணர் துப்பாக்கிக்குத் ‘துமுக்கி’ என்றது பொருந்திய சொல், நான்கெழுத்து. அது பரவாமற் போனதற்குக் கரணியம் சொல்லின் குறையன்று. அதனைச் சொல்லும் இடம் ஒன்றை எவரும் அமைக்காததே. மிதிவண்டியும் தொடர்வண்டியும் நிலைத்தமைக்கு, அவை பாடநூலிலும் அறிவிப்புப் பலகையிலும் ஏறியமையே ஏது. சொல்லுக்கு வாழ்விடம் வேண்டும். இன்றைய இளைஞன் நாள்தோறும் இரண்டு மூன்று மணிநேரம் உறையும் இடம் திரையாட்டம். அங்குத் தமிழ் இல்லை. பிளானட்சைடு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் செருமனிலும் கிடைக்கிறது, தமிழில் இல்லை. கேட்டாரும் இல்லை என்பது அதனினும் பெருங்குறை.

இந்தியாவுக்குள்ளேயே செய்யப்பட்ட அறிவியற்புனைவுப் போராட்டமும் ஒன்று உண்டு. புனே நகரத்துச் சூப்பர்கேமிங் நிறுவனம் 2024 அக்டோபரில் வெளியிட்ட ‘இண்டசு’ அது. இண்டசு என்பது சிந்து. சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுவோர்க்குப் பத்து நூறாயிரம் அமெரிக்க வெள்ளி பரிசு என்று தமிழக முதல்வர் மு.க. இசுடாலின் 2025 சனவரியில் அறிவித்தார். சிந்துவெளி நாகரிகத்தின் உரிமை குறித்துத் தமிழறிஞர் இவ்வளவு பேசிக்கொண்டிருக்க, அதன் பெயரை ஒரு வருங்கால உலகத்துக்குச் சூட்டி ஆட்டமாக்கி விற்கும் முந்துரிமையை வேறொருவர் எடுத்துக்கொண்டார். அவ்வாட்டத்துத் தீவின் பெயர் ‘விர்லோக்’. ‘லோக்’ என்னும் வடசொல் அங்கு ஒலிக்கிறது. செய்தவரைக் குறைகூற என்ன இருக்கிறது? செய்தவன் தன் சொல்லை வைப்பான்.

தமிழர் செய்தால் தமிழ்ச்சொல் நிற்கும் என்பதற்குச் சான்றும் உண்டு. கனடா நாட்டுத் தொராண்டோவில் உள்ள விசை என்னும் சிறு நிறுவனம் 2023 சூலையில் ஓர் ஆட்டத்தை வெளியிட்டது. அதில் போரில்லை, தமிழ்நாட்டிலிருந்து கனடாவிற்குக் குடிபெயர்ந்த ஒரு தாய் இட்டலி அவிப்பதில் தொடங்குகிறது கதை. சிதைந்துபோன சமையற் குறிப்பைத் தாய்மொழியின் துணையால் மீட்டெடுப்பதே ஆட்டம். அந்தத் தாயின் பெயரும் ஆட்டத்தின் பெயரும் ‘வெண்பா’. யாப்பருங்கலம் படித்தோர் மட்டும் அறிந்த சொல்லை உலகம் முழுதும் ஆடுவோர் வாயில் அது வைத்தது. 2024இற் பிரித்தானியத் திரைக்கலைக் கழகமாகிய பாப்டா, முதற்படைப்புக்கான விருதை அதற்கு வழங்கியது. விருது கிடைத்தபின் தமிழ்நாட்டிற் கைதட்டினோர் பலர். அதற்குமுன் அத்தகைய ஒன்றைச் செய்யத் துணிந்தோர் அரியர்.

பிளானட்சைடு போன்ற பேராட்டத்தைப் புதிதாகச் செய்யப் பெரும்பொருள் வேண்டும். ஆண்டுகள் பல வேண்டும். தமிழாக்குதற்கு அவை வேண்டா. ‘சோனோடிக்’ என்றோர் அறிவியற்புனைவுப் போராட்டம் 2011 முதல் இலவயமாகக் கிடைக்கிறது. அதன் நிரல்வரிகள் எவர்க்கும் திறந்தவை. உலகெங்குமுள்ள ஆர்வலர் தத்தம் மொழியில் அதன் திரைச்சொற்களைப் பெயர்த்துச் சேர்க்கலாம். ஆயிரவர் பொரும் களமன்று அது. ஒரு கல்லூரிக் கணினியறையில் இரு அணியாகப் பிரிந்து ஆடும் அளவினது. கொடி கவர்தல் அதில் உண்டு. உறைந்து நிற்கும் தோழனின் அருகே சிறிது நேரம் நின்று அவனை விடுவிக்கும் ஆட்டவகையும் உண்டு. தெருவிற் சிறார் ஆடும் ஓடிப்பிடித்தலின் மறுவடிவு. பொன்னேரியிலோ கும்மிடிப்பூண்டியிலோ ஒரு தமிழ்மன்றம், கணினி அறிந்த இளைஞர் ஐவரையும் புறத்திணை அறிந்த ஆசிரியர் ஒருவரையும் ஒரே மேசையில் அமர்த்தினால் வேலை தொடங்கிவிடும். ஆசிரியர் சொல் தருவார். இளைஞர் அதனைக் களத்திற் கூவிப் பார்த்துத் தள்ளுவர் அல்லது கொள்வர். தள்ளினால் ஆசிரியர் சினங்கொள்ளலாகாது. மீண்டும் வேறு சொல் தருதல் வேண்டும்.

சில சொற்கள் எளிதில் அமைந்துவிடும். கவர் கொடு என்பதற்குக் ‘கா’ போதும், ஓரெழுத்தொருமொழி. பகை, இடம், வலம், பின், எறி, பதுங்கு, விலகு ஆகியன முன்னரே வாயில் உள்ளவை. புண்பட்டவன் ‘தழி’ என்று கூவலாம். தழுவுதலைக் குறிக்கும் சொல்லே ஆதலின் பொருளும் பொருந்தும். முற்று, நொச்சி, வாகை ஆகியவற்றைத் திரையில் எழுதினாற் போதும். இரண்டாம் நாள் மனப்பாடமாகும். வீழ்ந்தவன் பாசறையில் மறுபடி தோன்றும் அந்நிகழ்வுக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. ‘மீளெழல்’ நீண்டுவிடுகிறது. ‘உயிர்ப்பு’ மருத்துவன் எழுப்புவதற்கும் பாசறையில் தோன்றுவதற்கும் பொதுவாகி மயக்கந் தருகிறது. ‘மறுபிறப்பு’ வேறு வழக்குகளை இழுத்துக்கொண்டு வரும். ‘துளிர்’ என்றொரு சொல்லைக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பக்கத்து இளைஞன் ஒருவன் சொன்னதாகக் கேள்வி. வெட்டிய கிளை துளிர்ப்பதுபோல் வீழ்ந்தவன் துளிர்க்கிறான். ஓரசை, கூவவும் எளிது. இலக்கணம் அறிந்தோர் இதிற் குறைகண்டால் எழுதுக. அதனினும் குறுஞ்சொல் ஒன்றையும் உடன் எழுதுக.